சாம்பிள் டப்பாவில் குற்றமில்லை

சின்னவள் பையைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போன நாளிலிருந்து அந்தச் சமையற்கூடத்தில் அடுப்பு பற்றவில்லை.

கீழே சமையற்கூடம், மேலே குடும்பம் என்று வாழும் வீடு அது. சுற்றியுள்ள அலுவலகங்களுக்கெல்லாம் மதியச் சாப்பாடு அங்கிருந்துதான் போகும். பொழுது விடியும்போதே கொதிக்கத் தொடங்கிவிடும் அண்டாக்கள் இப்போது சுவரோரம் கவிழ்ந்து கிடந்தன, திட்டு வாங்கிய பிள்ளைகளைப் போல.

மாமனார் ஆஸ்பத்திரியில் இருந்தார். வாந்தி, பேதி, ஒரு வாய் தண்ணீர்கூடத் தங்காத வயிறு. அன்று மதியம் கோழி சமைத்தவள் இளைய மருமகள் சின்னவள். அதை முதலில் ருசி பார்த்தவர் மாமனார். சாயந்திரமே படுத்துவிட்டார். வேறென்ன வேண்டும்? எல்லாருமாகச் சேர்ந்து தீர்ப்பு எழுதிவிட்டார்கள். கட்டியவனே அவளை, “கொஞ்ச நாள் உங்கம்மா வீட்ல இரு” என்று வாசல் வரை கொண்டுபோய் விட்டான்.

தீர்ப்பு முந்திக்கொண்டது. சாட்சி இன்று காலைதான் வந்தது.

சமையற்கூடத்தின் மூலையில் ஒரு குட்டி ஃப்ரிட்ஜ் உண்டு. அன்றன்று சமைப்பதில் ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி, மூடி போட்ட டப்பாவில் அதற்குள் போகும். யாராவது ‘உங்க சாப்பாட்டால வயிறு கெட்டுப்போச்சு’ என்று சண்டைக்கு வந்தால், அந்தச் சாம்பிள் டப்பா பரிசோதனைக்கூடத்துக்குப் போகும். மாமனார் ஏற்படுத்திய வழக்கம். ஊரார் வாய்க்குப் பயந்து அவர் வைத்த டப்பா, கடைசியில் அவர் வயிற்றுக்கே சாட்சி சொல்லப் போயிருந்தது.

சின்னவளின் கணவன், மூத்த மருமகளுக்குக் கொழுந்தன், போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தான். பக்கத்தில் அவன் அண்ணன், சாப்பாட்டு வேன் ஓட்டுகிறவர். எதிரே அவர் மனைவி, மூத்த மருமகள். வீட்டுக்கும் வேலையாட்களுக்கும் அவள் பெரியவள்.

“எல்லா டப்பாவும் பார்த்துட்டோம் சார்,” என்றது போன். “சூப், காய், கோழி, எதுலயும் ஒரு குறையும் இல்ல. கோழி ரொம்ப நல்லா இருக்கு.”

“நல்லா இருக்குன்னா?”

“நல்லா வெந்திருக்குன்னு சொன்னேன் சார். ருசியெல்லாம் நாங்க பாக்கிறதில்ல.”

வேறு நாளாக இருந்தால் வேன்காரர் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். இன்று கன்னத்தைச் சொறிந்துகொண்டார்.

“அப்ப தண்ணியா இருக்குமோ?”

“தண்ணியையும்தான் அனுப்பினோமே அண்ணே.”

“எண்ணெய்? புது டின் உடைச்சோமே, அதுவா?”

“அதுவும் சுத்தம்.”

“பாத்திரம் கழுவுற சோப்பு...?”

“அண்ணே!” கொழுந்தன் குரல் உடைந்தது. “எதுவுமே இல்லன்னா, அப்ப அவளை எதுக்கு நான் அனுப்பினேன்?”

கொழுந்தன் பெரியவளைப் பார்த்தான். அவள் ஏற்கனவே பளபளவென்றிருந்த மேசையை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணி, உங்களுக்கே முகம் வாடிப்போச்சு பாருங்க. நீங்க அவளைத் தங்கச்சியாட்டம் பாத்துக்கிட்டவங்க. எனக்குத்தான் புத்தி இல்லாமப் போச்சு.”

பெரியவள் துணியைப் பிழிந்தாள். அதில் சொட்டுத் தண்ணீர்கூட இல்லை.

அந்த வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் பரிவு கிடைக்கும். தலைவலி வந்தால் தைலம் கிடைக்கும். வயிறு சரியில்லை என்றால் மட்டும் விசாரணை நடக்கும். எங்கே சாப்பிட்டாய், என்ன சாப்பிட்டாய், எதைத் தொட்டாய்? வயிறு நேராகும்வரை சமையற்கூடத்து வாசற்படியை மிதிக்கக் கூடாது. மாமனாருக்கே அந்தச் சட்டம்தான். ஒரு தடவை அவரே வயிற்று வலி என்று படியில் உட்கார்ந்துகொண்டு, உள்ளே பார்த்துப் பார்த்துக் கத்தி வேலை வாங்கியிருக்கிறார்.

அந்தச் சட்டத்தைப் பெரியவள் மீறியிருந்தாள்.

ஒரு பெரிய நிறுவனத்தின் பயிற்சி முகாமுக்கு வாரம் முழுக்கச் சாப்பாடு. இதுவரை வந்ததிலேயே பெரிய வேலை. “இதை முழுசா நீ பாத்துக்க பெரியவளே” என்று மாமனார் கரண்டியை அவள் கையில் கொடுத்தார். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. இரண்டாம் நாளே அவள் வயிறு புரட்டிக்கொண்டது. பசி இல்லை. குமட்டல். பின்பக்கத்துக் கழிப்பறைக்குள் போய், சத்தம் வெளியே கேட்கக் கூடாதென்று குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கைப்பையிலிருந்த மாத்திரையைப் போட்டு நிறுத்தினாள். வெளியே வந்து, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, சிரித்த முகமாக அண்டா முன்னால் நின்றாள்.

சொல்லியிருக்கலாம். சொன்னால் கரண்டி சின்னவள் கைக்குப் போகும். வந்து வருஷம் ஒன்றுகூட ஆகாதவள். ‘கைமணம்னா இதுதான்’ என்று மாமனாரிடம் பேர் வாங்கியவள்.

ஒரு நாள் நிற்கவே முடியவில்லை. அன்றுதான் சின்னவளைக் கூப்பிட்டு, “இன்னிக்கு கோழியை நீ பாரு. நீயும் கத்துக்கணும்ல?” என்றாள். பெருந்தன்மைபோல. அந்தப் பெண் சந்தோஷத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டது.

அன்று சாயந்திரம் மாமனார் விழுந்ததும் எல்லார் கண்ணும் அண்டாவின் பக்கம் திரும்பியது. அப்போது பெரியவள் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்.

“கோழியை நான் தொடவே இல்ல.”

பொய் இல்லை. அதனால்தான் அது அவ்வளவு எளிதாக வாயில் வந்தது.

மேசைமேல் இருந்த போன் மறுபடி அதிர்ந்தது. இந்தத் தடவை ஆஸ்பத்திரி.

“ராத்திரியிலேருந்து அவருக்கு மூச்சு வாங்குது. டெஸ்ட் எடுத்ததுல கொரோனா பாசிட்டிவ். யாராவது உடனே வாங்க.”

கொழுந்தன் போனையே முறைத்தான். “கொரோனாவா? எங்கப்பாவுக்கு வயிறுதானே?”

* * *

ஆஸ்பத்திரிக் கூடத்தில் நாற்காலிகளை ஒன்றுவிட்டு ஒன்று கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். டாக்டரம்மாவுக்குச் சின்ன வயது. முகக்கவசம் அழுத்தி அழுத்தி மூக்கின் மேல் ஒரு சிவப்புக் கோடு நிரந்தரமாக விழுந்திருந்தது.

“இருமல்கூட இல்லையே டாக்டர்,” என்றார் வேன்காரர். “காய்ச்சலும் இல்ல. வெறும் வயித்துப்போக்குதான்.”

“சில பேருக்கு வயித்துலதான் ஆரம்பிக்கும். பசி போயிடும், குமட்டும், வாந்தி, பேதி. இருமல், காய்ச்சல் எல்லாம் பின்னாடி வரும். சிலருக்கு வராமலேகூடப் போயிடும். எல்லாரும் சாப்பாட்டைத் திட்டிட்டு, லேட்டா வந்து நிக்கிறாங்க.” கொஞ்சம் நிறுத்தினாள். “நாங்க மட்டும் என்ன? வயிறுன்னு சொன்னதும் சாதாரண வார்டுல போட்டு சலைன் ஏத்திக்கிட்டிருந்தோம். அவருக்கு முடியாமப் போனதும் வீட்ல என்ன செஞ்சீங்க?”

வேன்காரர் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். “விஷமாயிடுச்சுன்னு நினைச்சு சமையற்கூடத்தையே கழுவித் தள்ளிட்டோம் டாக்டர். வீட்ல அத்தனை பேரும், வேலையாளுங்களும். ஜன்னலை எல்லாம் அடைச்சிட்டு, வெந்நீர், ப்ளீச்சிங் பவுடர், ஒரு கரண்டி விடல.”

“ஜன்னலை ஏன் அடைச்சீங்க?”

“ஈ வரக்கூடாதுல்ல.”

“மாஸ்க்?”

“வெந்நீர் ஆவியில மாஸ்க் நனைஞ்சு போச்சு. கழட்டிட்டோம்.”

டாக்டரம்மா ஒரு விநாடி கண்ணை மூடித் திறந்தாள். அடைத்த அறைக்குள், தோளோடு தோள் உரச, மூச்சு வாங்க வாங்க, இல்லாத விஷத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருக்கிறார்கள். சமையல்காரக் குடும்பம். வயிறு என்றால் அவர்களுக்குப் பாத்திரம்தான் ஞாபகத்துக்கு வரும்.

பெரியவளுக்கு அந்தச் சாயந்திரம் கண்ணில் ஓடியது. சின்னவள் அவள் பக்கத்தில்தான் நின்றாள். அழுதுகொண்டே அண்டாவைத் தேய்த்தாள். மூக்கைச் சிந்தக்கூட நிறுத்தவில்லை.

“அவருக்கு முன்னாடி வீட்ல வேற யாருக்காவது வயிறு சரியில்லாம இருந்துச்சா?”

“இல்ல டாக்டர்,” வேன்காரர் முந்திக்கொண்டார். “எங்க வீட்ல ஒருத்தர் வயிறு கடமுடன்னாக்கூட அடுத்த நிமிஷம் எல்லாருக்கும் தெரிஞ்சிடும். தொழில் அப்படி.” மனைவியின் பக்கம் திரும்பினார். “இல்லியாம்மா?”

“இல்ல,” என்றாள் பெரியவள்.

டாக்டரம்மா தலையாட்டிவிட்டு நகர்ந்தாள். வேன்காரர், அப்பாவுக்குப் போர்வை கொண்டுவர வேனுக்கு ஓடினார்.

* * *

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாமனார் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூக்கில் குழாய். நர்ஸ் ஒரு போனை அவர் காதில் பிடித்திருந்தாள். நாற்பது பேரை ஒரே அதட்டலில் நடுங்க வைக்கும் மனிதர், குழந்தைபோல அந்தக் கையில் தலையைச் சாய்த்திருந்தார்.

“பெரியவளே.”

“சொல்லுங்க மாமா. அதிகம் பேசாதீங்க.”

“சாம்பிள்... என்னாச்சு?”

மூச்சுக்கு அலையும்போதும் அதுதான் கேள்வி.

“சுத்தம் மாமா. ஒண்ணுமே இல்ல.”

அவர் கண்ணை மூடினார். மார்பு ஏறி இறங்கியது. திறந்தபோது கண் கலங்கியிருந்தது.

“எனக்குத் தெரியும். வாயில போட்டப்பவே தெரியும். அவ்வளவு பதமா இருந்துச்சு. அவளை எல்லாரும் பேசறப்ப நான் ஒரு வார்த்தை... ஒரு வார்த்தை சொல்லல. வாந்தி எடுக்கிற வாயால என்ன சொல்றதுன்னு விட்டுட்டேன்.” நிறுத்தி நிறுத்திச் சொன்னார். “நீ அவகிட்ட பேசு. என்னால இப்ப முடியல. நீ சொன்னா கேப்பா. அந்த வீட்ல அவளுக்குன்னு இருக்கிறது நீதான்.”

“மாமா...”

“நீ நல்லவடி. அன்னிக்கு கோழியை அவ கையில குடுத்தியே, எனக்கு மனசு நெறைஞ்சு போச்சு.”

நர்ஸ் போனை எடுத்துவிட்டாள். கண்ணாடியில் பெரியவளின் முகம் அவர் முகத்தின் மேல் விழுந்து நின்றது. அவளால் அதைப் பார்க்க முடியவில்லை. திரும்பி நடந்தாள். நடந்தவள் கூடத்தின் கோடியில் டாக்டரம்மாவைக் கண்டதும் ஓடினாள்.

“டாக்டர். எனக்கு இருந்துச்சு.”

“என்ன?”

“வயித்துப்போக்கு. குமட்டல். மாமாவுக்கு முன்னாடி, எனக்குத்தான் முதல்ல. யாருக்கும் தெரியாது. நான் சொல்லல.”

டாக்டரம்மா திட்டுவாள் என்று காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். டாக்டரம்மா இரண்டடி பின்னால் தள்ளி நின்றுகொண்டாள், அவ்வளவுதான்.

“இப்ப எப்படி இருக்கு?”

“வயிறு நின்னுடுச்சு. ருசிதான் தெரியல. டீ குடிச்சா வெந்நீர் மாதிரி இருக்கு.”

“ருசி தெரியாமத்தான் சமையல் பண்ணிக்கிட்டிருந்தீங்களா?”

“கை பழக்கம் டாக்டர். உப்பை எல்லாம் கை பாத்துக்கும்.”

“சரி, உங்களுக்கும் டெஸ்ட் எடுக்கணும், வீட்ல எல்லாருக்கும். பாருங்கம்மா, உங்ககிட்டேருந்துதான் அவருக்கு வந்துச்சுன்னு யாராலும் அடிச்சுச் சொல்ல முடியாது. வேற எங்கேருந்தும் வந்திருக்கலாம். அதைப் போட்டுக் குழப்பிக்காதீங்க.”

ஆறுதலாகத்தான் சொன்னாள். பெரியவளுக்கு அது ஒட்டவில்லை. கிருமியை யார் கொண்டுவந்தது என்று தெரியாது. வாயை மூடிக்கொண்டது யார் என்று தெரியும்.

“உங்க கூட நின்னு வேலை பாத்தவங்கள்ல வெளிய போனவங்க யாராவது?”

“என் ஓரகத்தி. அவங்கம்மா வீட்டுக்கு அனுப்பிட்டோம்.”

“அங்க உடம்பு முடியாதவங்க இருக்காங்களா?”

பெரியவள் வாயைத் திறந்தாள். காலையிலிருந்து இதை நினைக்காமல் இருக்கத்தான் அத்தனை தடவை மேசையைத் துடைத்தாளோ என்னவோ.

“அவங்கம்மாவுக்கு டயாலிசிஸ் நடக்குது.”

டாக்டரம்மா வாசலைக் காட்டினாள்.

“வெளிய போங்க. காத்தோட்டமா நில்லுங்க. இப்பவே போன் பண்ணுங்க. இப்பவே.”

* * *

வேனின் பின்கதவு திறந்திருந்தது. போர்வையை உள்ளே கொடுத்துவிட்டு வந்த வேன்காரர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். பெரியவள் முன்னால் ஏறவில்லை. பின்னால், காலி கேரியர்களுக்கு நடுவே ஒரு காலை வெளியே தொங்கவிட்டு உட்கார்ந்தாள்.

“என்னம்மா, முன்னாடி வா. டாக்டர் வேற ஏதாச்சும் சொன்னாங்களா?”

“நீங்க ஜன்னலை இறக்கி விட்டுட்டு அங்கயே இருங்க. நான் பேசறதைக் கேளுங்க. நடுவுல எதுவும் கேக்காதீங்க.”

முதல் மணியிலேயே சின்னவள் எடுத்துவிட்டாள்.

“அக்கா! இப்பதான் அவரு போன் பண்ணி அழுதாரு. டப்பா சுத்தமாம்ல? நான் சொன்னேன்ல அக்கா, நான் மூணு தண்ணி கழுவித்தான் போட்டேன்னு.” சிரித்தாள். சிரிப்புக்குள் அழுகை இருந்தது. “உங்களுக்கு முகமே வாடிப்போச்சாமே. அவரு சொன்னாரு. எனக்காக அந்த வீட்ல வருத்தப்பட ஒரு ஆள் இருக்குன்னு நினைச்சேன் பாருங்க, அப்பவே பாதி சரியாயிடுச்சு.”

“நீ இப்ப எங்க இருக்கே?”

“டயாலிசிஸ் சென்டர்ல. அம்மாவைக் கூட்டிட்டு வந்தேன். இப்பதான் மெஷின்ல போட்டாங்க. மாமா எப்படி இருக்காரு? அவரு சரியா எதுவும் சொல்லல, அழுதுட்டே இருந்தாரு.”

“மாமாவுக்கு கொரோனா.”

“ஐயோ! இருமல்கூட இல்லையே அக்கா?”

“அது வயித்துலதான் ஆரம்பிச்சிருக்கு. உன் கோழியும் இல்ல, தண்ணியும் இல்ல. கேளு. நடுவுல பேசாத, பேசினா என்னால சொல்ல முடியாது.” பெரியவள் கேரியர் மூடி ஒன்றை விரல் வெளுக்கப் பிடித்துக்கொண்டாள். “எனக்கு மாமாவுக்கு முன்னாடியே இருந்துச்சு. வாந்தி வர்ற மாதிரி, பேதி. மாத்திரை போட்டு மறைச்சிட்டேன். சொன்னா அந்தப் பொறுப்பு உன் கைக்குப் போயிடும்னு மறைச்சேன். அன்னிக்கு உனக்குக் கத்துக்குடுக்கறதுக்காகக் கோழியை விடல. நிக்க முடியாம விட்டேன். அப்புறம் எல்லாரும் உன்னைச் சொன்னப்ப, நான் தொடவே இல்லன்னு ஒதுங்கிக்கிட்டேன்.”

முன்னிருக்கையில் வேன்காரரின் கை, சாவியைத் திருகப் போன இடத்திலேயே நின்றது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அங்கே ஏதோ ஒரு இயந்திரம் சீராக மூச்சு விடுவது மட்டும் போனில் கேட்டது.

“திட்டுடி. எதையாவது சொல்லு.”

“குழாய் சத்தம்,” என்றாள் சின்னவள் மெதுவாக. “பின்பக்கம் குழாய் ஓடிக்கிட்டே இருந்துச்சு. யாரு தண்ணியை வீணாக்கறாங்கன்னு நான் ரெண்டு தடவை வந்து கதவைத் தட்டினேன். நீங்கதானா?”

“நான்தான்.”

“ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் சமைச்சிட்டு நீங்க சமைச்சதாச் சொல்லியிருப்பேன் அக்கா.”

பெரியவள் கையிலிருந்த கேரியர் மூடியைக் கீழே வைத்தாள்.

“அதை அப்புறம் கேளு. வருஷக் கணக்கா கேளு. இப்ப நீ அம்மாகிட்டேருந்து தள்ளி வா. டெஸ்ட் எடுத்துக்க. உனக்கு ஒண்ணும் இல்லல்ல? இருமல், காய்ச்சல்?”

“அதெல்லாம் இல்ல.”

பெரியவள் அப்போதுதான் மூச்சு விட்டாள்.

“ஆனா நேத்துலேருந்து ஒரு வாய் சாப்பாடு உள்ள இறங்கல. பார்த்தாலே குமட்டுது.” சின்னவளின் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. “அழுதுட்டே இருக்கேன்ல, அதனாலன்னு நினைச்சேன்.”

நாற்காலி ஒன்று தரையில் கிரீச்சிட்டது. பிறகு அவள் குரல் போனைவிட்டுத் தள்ளிப் போயிற்று. சமையற்கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கேட்கும்படி சின்னவள் குரல் கொடுப்பாளே, அதே குரல்.

“சிஸ்டர்! கிட்ட வராதீங்க. அங்கயே நில்லுங்க. மூணாவது கட்டில்ல இருக்கிறது எங்கம்மா. மெஷினை நிறுத்திடாதீங்க. ஆனா அவங்களுக்கு இன்னிக்குக் காலையில நான்தான் என் கையால ஊட்டி விட்டேன்.”

அழைப்பு துண்டிக்கப்படவில்லை. பெரியவள் போனைக் காதிலிருந்து எடுக்கவும் இல்லை.